ஒலிவாங்கி எவர் கையில்?



கீழவைப்பார்க் கரையில் கதிரவன் எழுமுன் பெண் எழுகிறாள். மீன் சுமக்கிறாள், கருவாடு உலர்த்துகிறாள், தெருத்தெருவாகக் கூவி விற்கிறாள். அந்தக் குரலை எவரும் தடுப்பதில்லை. அதே குரல் ஊர்ப் பொதுவில் நியாயம் கேட்டால் மட்டும், "பெண்ணுக்கு என்ன பேச்சு?" என்று சீறுகின்றனர். விற்கும் குரல் வேண்டும், வினவும் குரல் வேண்டாம்! இதுவா நீதி?

"பேச அவளுக்கு என்ன தெரியும்?" என்பர் சிலர். அவர்கள் தெலுங்கானாவுக்குச் சென்று பார்க்கட்டும். ஜகீராபாத்தை அடுத்த மச்னூர் எனும் சிற்றூரில், ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்களான ஜெனரல் நரசம்மாவும் அல்கோல் நரசம்மாவும் ஒலிவாங்கியைக் கையிலெடுத்தனர். விதை, தினை, கூலி, பெண்படும் பாடு ஆகியவற்றைத் தம் மக்கள் மொழியிலேயே பேசினர். அதுவே 'சங்கம் வானொலி'.

எளிதில் வந்ததா அது? 1995இல் உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. 1990களின் இறுதியிலேயே மச்னூரில் ஒலிப்பதிவுக்கூடம் எழுந்தது. உரிமம் மட்டும் வரவில்லை! பெண்கள் சோர்ந்தனரா? இல்லை. ஒலிநாடாவில் பதிந்து, மகளிர் சங்கக் கூட்டங்களில் ஒலிக்கச் செய்தனர். 2006இல் கொள்கை தளர்ந்தது. 2008 அக்டோபர் 15இல் வானொலி முழங்கியது. காக்க வைத்தது அவர்தம் அறியாமையா? அன்று! ஆள்வோரின் அச்சம்!

அந்த அச்சம் இன்னும் அகலவில்லை. சமுதாய வானொலி விதையைப் பற்றிப் பேசலாம். தானே திரட்டிய செய்தியை அறிக்கையாக வாசிக்கக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மறுஒலிபரப்பலாம், அவ்வளவே. உழுபவள் ஊர்ச்செய்தி சொன்னால் நாடு கவிழ்ந்துவிடுமோ?

நம் கடற்கரைக்கும் வழி தெரியாமலில்லை. பாம்பனில் 2016 முதல் 'கடல் ஓசை' மீனவர்க்கென ஒலிக்கத் தொடங்கியது. காற்றையும் அலையையும் சொல்லும் வானொலி, கரையில் காத்திருப்பவளின் கூலியையும் கடனையும் சொல்லட்டும். அதையும் அவளே சொல்லட்டும்!

முத்துக் குளித்த கடல் இது. மூழ்கியவனின் மூச்சை எண்ணினர். கரையில் உழைத்தவளின் பேச்சை எவர் எண்ணினர்?

இளைஞர்களே! அவளுக்காகப் பேசப் புறப்படாதீர். ஒலிவாங்கியை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஒதுங்கி நின்று கேளுங்கள். பகுத்தறிவின் முதற்பாடம் அதுவே!