கீறல் கிடக்கட்டும், கண்ணாடியைத் துடையுங்கள்

திருத்தணிகை மலைமேல் புதிய வாகனத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, அர்ச்சகரைக் கொண்டு பூஜை செய்வித்து, நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, முகப்பிலும் முன்கண்ணாடியிலும் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சாத்தி, அதன் பிறகே ஊர் திரும்புவது சென்னைப் பக்கத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வருகிற குடும்பங்களின் வழக்கம். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சித்தூர் ஜில்லாவை விட்டுச் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்த இவ்வூரில், இரு மாநிலத்து எண் பலகைகளும் இன்றைக்கும் கலந்தே நிற்கின்றன. அந்த வழக்கத்தின்மேல் எனக்கு விரோதம் ஏதுமில்லை. தவணைக் கடனில் வாங்கிய வண்டியைத் தணிகேசன் சந்நிதியில் ஒரு முறை நிறுத்திவிட்டுப் போவதில் மனத்துக்கு ஒரு தெம்பு உண்டென்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், அவ்வளவு சிரத்தையோடு பூஜிக்கப்பட்ட வண்டி சில மாதங்கள் கழித்து அதே மலைப்பாதையில் ஏறி வரும்போது, அதன் யஜமானர் எதைக் குறித்துக் கவலைப்படுகிறார், எதைக் குறித்துக் கவலையற்று இருக்கிறார் என்று கவனித்தால், நம்முடைய கவலைகளின் வரிசை தலைகீழாய் இருக்கிறதென்ற அபிப்பிராயம் உண்டாவதைத் தவிர்க்க முடியவில்லை.

கதவின்மேல் நகத்துக்குக்கூடத் தட்டுப்படாத ஒரு மெல்லிய கோடு விழுந்துவிட்டால் மனிதருக்கு அன்றிரவு தூக்கம் வருவதில்லை. எந்தப் பையன் சைக்கிளை உராய்த்துவிட்டுப் போனானோ என்று தெருவையே விசாரிக்கிறார். டிங்கர் கடைக்கும் பெயிண்டர் கடைக்கும் நடையாய் நடக்கிறார். முழுக் கதவையும் அடித்தால்தான் கலர் சேரும் என்று பெயிண்டர் சொன்னால், கேட்ட தொகையைக் கொடுக்கவும் சித்தமாகிறார். அதே வண்டியின் முன்கண்ணாடியிலோ, பூஜையன்று இட்ட சந்தனம் காய்ந்து உதிர்ந்த மஞ்சள் திட்டும், வைப்பர் இழுத்த வில் வடிவக் கோடுகளும், உட்புறத்தில் பால் படர்ந்தாற்போன்ற ஒரு மங்கலும் சேர்ந்து, எதிரே ஒரு லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு வரும் கணத்தில் சாலை முழுவதையும் வெளுப்பாக்கி மறைத்துவிடுகின்றன. அதைக் குறித்து அவருக்குத் தூக்கம் கெடுவதில்லை. கதவில் விழுந்த கோட்டினால் நஷ்டம் அவருடைய கௌரவத்துக்கு மாத்திரம். கண்ணாடி மங்கினால் நஷ்டப்படுகிறவன் சாலையோரம் காவடி சுமந்து நடந்து வருகிறவன்.

இத்தனைக்கும், அந்தக் கோடு எங்கிருந்து வந்ததென்று ஆராய்ந்தால் குற்றவாளி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே அகப்படுவான். இந்தப் பிராந்தியத்துச் சாலைகளில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் ஓயாமல் போய்வருகின்றன. அவை கிளப்பிவிட்டுப் போகிற தூசியில் வெறும் மண்ணோடு கருங்கல் பொடியும் கலந்திருக்கிறது. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் என்னும் படிகம், தாதுப் பொருள்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வகுத்திருக்கும் மோஸ் அளவுகோலில் 7ஆம் படியில் நிற்கிறது. சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய ஐந்தரைப் படி. வண்டியின் வர்ணமோ அதற்கும் வெகு கீழே. காலையில் காபி குடித்த கையோடு பழைய பனியன் துணி ஒன்றை எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல், வண்டியைச் சுற்றிச் சுற்றித் துடைக்கிற கைங்கரியம் வீட்டுக்கு வீடு நடக்கிறதே, அப்போதுதான் அந்தப் படிகத் துகள்கள் துணிக்கும் வர்ணத்துக்கும் நடுவே அகப்பட்டு உழுகின்றன. வெயிலில் பார்த்தால் போனட்டின்மேல் வட்டம் வட்டமாகத் தெரிகிற நுண்ணிய கோடுகள் யாவும் இந்தப் பணிவிடையின் பலன்களே. விபூதியின் சங்கதியும் இதுவே. பித்தளைப் பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் துலக்கிய நம் பாட்டிமார்களுக்குச் சாம்பலின் தேய்க்கும் குணம் நன்றாகத் தெரிந்திருந்தது; வைக்கோலில் உள்ள மணற்சத்து, அதைத் தின்ற மாட்டின் சாணத்தை எரித்த பிறகும் அதில் நிற்கிறது. அந்தச் சாம்பலாகிய விபூதியைப் போனட்டில் பட்டையாக இட்டுவிட்டு, மறுநாள் வறண்ட துணியால் தேய்த்தெடுக்கிறோம். தண்ணீர் ஊற்றிக் கழுவி எடுத்தால் சுவாமி கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

விழுந்துவிட்ட கோட்டுக்குப் பரிகாரம் உண்டா என்றால், உண்டு. ஆனால் அதன் சூட்சுமத்தை அறிந்து செய்யவேண்டும். இன்றைய மோட்டார் வாகனத்தின் வர்ணம் ஒரே பூச்சன்று. தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று படிப்படியாக அமைந்திருக்கிறது. இவ்வனைத்தும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும். கிளியர் கோட் மட்டும் சுமார் 40 அல்லது 50 மைக்ரான், அதாவது தலைமயிரின் கனத்துக்கும் குறைவு. நம் பெயிண்டர்கள் இன்றும் டூக்கோ என்று சொல்லுகிற பூச்சு 1920களில் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியார் கொண்டுவந்தது. அதற்கு முன்பு இருந்த வார்னிஷ் உலர்வதற்கு வாரக்கணக்கில் ஆகுமாதலால், அக்காலத்தில் அது பெரிய அதிசயமாயிருந்தது. அந்தப் பூச்சு ரப்பிங் காம்பவுண்டு போட்டு அழுத்தித் தேய்த்தால்தான் பளபளக்கும். அந்தப் பழக்கத்தின் வாசனை தொழிலாளரின் கையில் இன்னும் தங்கியிருக்கிறது. தேய்க்கப்படுகிற பொருளோ மாறிவிட்டது.

ஆகவே கடைக்குப் போகுமுன் கீறின இடத்தில் சிறிது தண்ணீரைத் தெளித்துப் பார்ப்பது நல்லது. நனைந்தவுடன் கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தோன்றினால், அது கிளியர் கோட்டோடு நின்றுவிட்ட காயம். பள்ளத்தைத் தண்ணீர் நிரப்பினபோது ஒளி சிதறாமல் போனதே அது மறைந்ததற்குக் காரணம். தேங்காய் எண்ணெயைத் தடவியவுடன் கீறல் போய்விட்டதென்று அதிசயிக்கிறவர்கள் காண்பதும் இதே மாயத்தைத்தான். இரண்டு மழையில் கோடு திரும்பி வந்துவிடும். நகம் தட்டுப்பட்டாலோ, வெள்ளையோ தகடோ தெரிந்தாலோ, அது கைவைத்தியத்துக்கு அடங்காது; துரு ஏறுமுன் டச்சப் செய்துவிடவேண்டும். மெல்லிய கோடாயின், இடத்தை நன்றாகக் கழுவி, உலர்த்தி, நிழலில் வைத்து, மெல்லிய பாலிஷைப் பஞ்சு போன்ற துணியில் ஒரு பயறளவு எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு மேற்படாமல், அழுத்தாமல் தேய்த்து, துடைத்துப் பார்த்து, மங்கிவிட்டதென்று கண்டவுடன் நிறுத்திக்கொள்ளவேண்டும். பற்பசையும் ஓரளவுக்கு இந்த வேலையைச் செய்யும். அதில் இருப்பதும் ஒரு தேய்ப்புப் பொடியே. ஆனால் எதைக் கொண்டு செய்தாலும் கோட்டை நாம் நிரப்புவதில்லை. கோட்டைச் சுற்றியுள்ள நல்ல பூச்சைத் தேய்த்து, அதன் அடிமட்டத்துக்கு இறக்கிக்கொண்டு வருகிறோம். வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கிற சத்தும் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. கோடையில் தமிழ்நாட்டின் அதிக வெப்பமான ஊர்களின் பட்டியலில் அடிக்கடி இடம்பிடிக்கிற திருத்தணியில், வருஷந்தோறும் வண்டியைப் பளபளப்பாக்கிக்கொண்டே போகிறவர் சில காலத்தில் போனட்டும் கூரையும் வெளிறிப் பொருக்காவதைக் காண்பார். தூரத்திலிருந்து தெரியாத கோட்டை அப்படியே விட்டுவிடுவதுதான் விவேகம் என்பது என் முடிவு.

கண்ணாடியின் விஷயம் வேறு. அதை எத்தனை தடவை துடைத்தாலும் தேயாது, சரியாகத் துடைத்தால். துடைத்த பிறகும் கோடும் திட்டும் ஏன் நிற்கின்றன என்றால், தண்ணீர் ஆவியாகிப் போனபின் அதில் கரைந்திருந்தது கண்ணாடியிலேயே தங்கிவிடுகிறது, அவ்வளவுதான் ரகசியம். போர்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுதி. அதைவிட மோசமானது, சுத்திகரிப்பு இயந்திரம் கழித்துவிடுகிற தண்ணீர்: குடிக்க ஆகாத உப்பையெல்லாம் சுமந்துகொண்டு வெளியேறுகிற அந்த நீரை, வீணாகப் போகிறதே என்ற நல்லெண்ணத்தால் வாளியில் பிடித்துவைத்து வண்டி கழுவுகிற குடும்பங்கள் அநேகம். சேறு போக்குவதற்கு அது போதும்; கடைசியாக அலசுவதற்கு மட்டும் ஏ.சி. இயந்திரத்தின் குழாயில் சொட்டுகிற நீரோ, பிடித்துவைத்த மழைநீரோ இருந்தால் ஈடு இணையில்லை; இரண்டிலும் உப்பு ஏறக்குறைய இல்லை. ஏற்கெனவே படிந்த வெள்ளைப் புள்ளிகளை, வினிகரைத் தண்ணீரில் கலந்து சற்று ஊறவிட்டுத் துடைத்தால் பெரும்பாலும் கரைந்துபோகும். சோப்பு அதிகமாகப் போட்டால் அதுவே கோடாக நிற்கும். ஒரு வாளிக்குச் சில சொட்டு ஷாம்பு போதுமானது. உச்சி வெயிலில் சுட்டுக்கொண்டிருக்கும் கண்ணாடியைத் துடைக்கப் புகுந்தால், கை மறுபக்கம் போவதற்குள் இந்தப் பக்கம் காய்ந்துவிடும், விடியற்காலையே உசிதம்.

வெளிப்புறத்தைக்காட்டிலும் துரோகம் செய்வது உட்புறம். வெயிலில் நிறுத்திய வண்டியின் டாஷ்போர்டிலிருந்து பிளாஸ்டிக்கின் எண்ணெய்ச் சத்து ஆவியாக எழுந்து கண்ணாடியின் உட்பக்கத்தில் மெல்லிய படலமாய்ப் படிகிறது. டாஷ்போர்டின்மேல் பிள்ளையாருக்கு ஏற்றுகிற ஊதுவத்திப் புகையும், பயணிகளின் மூச்சும், மூச்சால் படிந்த ஆவி மறைப்பைக் கையால் துடைத்த பிசுக்கும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன. பகலில் கண்ணுக்குப் படாத அந்தப் படலம், இரவில் எதிர்விளக்கு பட்டவுடன் ஒளியைச் சிதறடித்துத் தன்னைக் காட்டிக்கொள்ளும். இதற்கு வெறும் தண்ணீர் பயன்படாது. சிறிது வினிகர் நீரோ, கண்ணாடி துடைக்கும் திரவமோ வேண்டும். ஒரு துணியால் நனைத்துத் துடைத்து, மற்றொரு வறண்ட துணியால் ஈரத்தை எடுக்கவேண்டும். வெளியே மேலிருந்து கீழாகவும் உள்ளே இடமிருந்து வலமாகவும் துடைத்தால், மிஞ்சின கோடு எந்தப் பக்கத்தது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். மைக்ரோ ஃபைபர் துணி இல்லாதவர்களுக்குக் கசக்கிய செய்தித்தாள், தூசி கழுவின பிறகு, இன்றும் நன்றாகவே உதவும். இந்தப் பத்திரிகையின் நேற்றைய இதழையும் சேர்த்தே சொல்லுகிறேன், ஆசிரியர் பொறுத்தருளவேண்டும். வைப்பரின் ரப்பர் விளிம்பையும் மறவாமல் ஈரத்துணியால் ஒரு முறை வழித்துவிடவேண்டும். அதில் ஒட்டியுள்ள ஒரே ஒரு மணல் துகள் கண்ணாடியில் போடும் வில்வளைவை எந்தத் திரவமும் அழிக்காது.

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் குறைந்தது 70 சதவீத ஒளியையும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீத ஒளியையும் உள்ளே விடவேண்டும் என்று விதித்திருக்கின்றன. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கண்ணாடிகளின்மேல் கறுப்புத் தாள் ஒட்டுவதையே தடை செய்தது. தாளைக் கிழித்த போலீஸார் அழுக்குக்கு அபராதம் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அழுக்குப் படலத்தின் ஊடே எத்தனை சதவீத ஒளி வருகிறதென்று அளப்பாரும் இல்லை. ஆனால் ஆடிக் கிருத்திகையின்போது மலையை நோக்கிக் காவடிகள் நடந்தே வருகின்றன. டிசம்பர் 31ஆம் தேதி இரவில், வெள்ளைக்காரத் துரைகளைப் புத்தாண்டன்று போய்க் கும்பிடுவதற்குப் பதிலாகத் தணிகை முருகனைக் கும்பிடச் செய்யும் பொருட்டு வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படுகிற திருப்படித் திருவிழாவில், 365 படிகளிலும் படிக்கொரு திருப்புகழ் பாடிக்கொண்டு ஜனங்கள் ஏறுகிறார்கள். அந்த இரவுகளில் அடிவாரத்துச் சாலைகளில் நடக்கிறவர்கள், வண்டிகளின் விளக்குகளுக்கு நடுவேதான் நடக்கிறார்கள்.

அதனால் என் கோரிக்கை சிறியது. மலைமேலும் அடிவாரத்திலும் வாகனம் நிறுத்தக் கட்டணம் வாங்குகிற இடங்களில், திருவிழா நாட்களிலாவது, ஒரு தண்ணீர்த் தொட்டியும், பெட்ரோல் பங்குகளில் இருப்பதுபோல் ரப்பர் விளிம்பு வைத்த நீளக் கட்டையும், துடைக்க ஒரு ஆளும் இருக்கவேண்டும். வாங்குகிற கட்டணத்திலேயே அந்தச் செலவை அடக்கலாம். வாகன பூஜை செய்கிற அர்ச்சகர்கள் சந்தனத்தைப் போனட்டின்மேலோ, எண் பலகையின் மேல்விளிம்பிலோ இடலாம். கண்ணாடியில்தான் இடவேண்டும் என்று குடும்பத்தார் வற்புறுத்தினால், ஓட்டுகிறவர் உட்காரும் வலப்பக்கத்தை விட்டு இடது ஓரத்தில் ஒரு விரல் அளவுக்கு இட்டால் போதும். அதையும் வீடு போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் நீர் ஊற்றிக் கழுவிவிடலாம்.