ஓதம் ஏறும் வரை

அலுவலக நண்பர் ஒருவர் செப்டம்பரில் கிரேக்க நாட்டுக்குப் போய்வந்தார். பிரேயஸ் துறைமுகத்தில் ஃபெரி ஏறி, தீவு தீவாக இறங்கிய படங்களைக் காட்டினார். அங்கே கோடைக் காற்று தணியத் தொடங்கும் மாதம் அது. நமக்கும் அதுதான் நல்ல நேரம். நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிட்டால் மெர்சிங் கடல் கொந்தளிக்கும்.

மலேசிய தின விடுமுறைக்குத் தியோமான் போகலாம் என்றேன். பிள்ளைகள் குதித்தார்கள். அம்மா மட்டும், "நான் வீட்டப் பார்த்துக்கிறேன், நீங்க போங்க" என்றார்.

காரணம் எங்களுக்குத் தெரியும். ஏழு வயதில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர் அவர். வழியெல்லாம் வாந்தி. அதன்பிறகு படகில் கால் வைத்ததே இல்லை. எப்படியோ பேசிக் காரில் ஏற்றினோம்.

தங்காக்கிலிருந்து விடியுமுன் கிளம்பி, ஆயர் ஹீத்தாம், குளுவாங், ஜெமாலுவாங் வழியாக மெர்சிங் சேர்ந்தோம். அங்கே போனபிறகுதான் என் தவறு தெரிந்தது. நான் பார்த்து வைத்திருந்தது முந்திய வாரத்து நேரம். மெர்சிங் ஆற்று முகத்துவாரம் ஆழமில்லாதது. ஓதம் ஏறினால்தான் ஃபெரி வெளியே போக முடியும். அதனால் புறப்படும் நேரம் நாளுக்கு நாள் மாறும். மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "நாகப்பட்டினத்துலயும் கப்பல் கரைக்கு வராது. தூரத்துல நிக்கும். சின்னப் படகுல போய்த்தான் ஏறணும். அலையில படகு ஏறி எறங்கும். அப்பா என் கைய விடவே இல்ல" என்றார். இத்தனை ஆண்டுகளில் நாங்கள் கேட்டிராத கதை. என் மகள் கைப்பேசியைக் கீழே வைத்தாள்.

ஃபெரி வந்தபோது அம்மாவின் கையை அவள்தான் பிடித்துக்கொண்டாள்.

கெந்திங், பாயா என்று ஃபெரி ஒவ்வொரு கம்பத்து ஜெட்டியிலும் நின்றது. நிற்கும்போதெல்லாம் அம்மா எட்டிப் பார்த்தார். "எறங்குறவங்கள கூட்டிப்போக ஆள் வந்திருக்கா?" என்று கேட்டார். நாங்கள் தெக்கெக்கில் இறங்கினோம். மறுநாள் துலாய் தீவுக்குச் சிறுபடகு பேசினோம். அம்மா எங்களுக்கு முன்பே செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

போக நினைப்பவர்களுக்கு மூன்று சொல்கிறேன். பயண நாளின் ஓத நேரத்தைக் கேட்டபிறகு டிக்கெட் எடுங்கள். திரும்பும் நாளில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள்.

வீட்டில் வயதானவர்கள் வரமாட்டேன் என்றால், ஏன் என்று ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள். எனக்கு அதற்கு ஓதம் ஏறும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.