ஊசிக்கு வந்தவரும் ஊசி போடத் தெரியாத வீடும்

எங்கட ஊரில் ஒருத்தருக்குச் சீனி வருத்தம் என்றால் யாரும் பெரிதாக அதிர்ச்சியடைவதில்லை. "எந்த வீட்டில்தான் இல்லை?" என்று கேட்டுவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். அதே ஆள் இன்சுலினுக்கு மாறிவிட்டார் என்று கேள்விப்பட்டால் மட்டும் குரல் தாழும். "ஊசிக்கு வந்திட்டாராம். இனி என்ன…" அந்த 'இனி என்ன'வுக்குள் கண் போவது, கால் எடுப்பது, கிட்னி பழுதாவது எல்லாம் அடங்கியிருக்கும்.

இந்தப் பேச்சு ஆபத்தானது என்பது என் கருத்து. இதைக் கேட்டுக் கேட்டுத்தான் எங்கட பெரியாட்கள் டொக்டர் ஊசி தொடங்கச் சொன்ன பிறகும் பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணி என்று ஒரு வருஷத்தைக் கடத்துகிறார்கள். கண்ணும் காலும் கிட்னியும் பழுதாவது பல வருஷம் கட்டுப்படாமல் கிடந்த சீனியால். ஊசி கடைசியில் வந்து சேர்வதால் பழி ஊசியின் தலையில் விழுகிறது.

பிரித்தானியாவில் 1977இல் தொடங்கி 20 வருஷம் நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. புதிதாக இரண்டாம் வகை நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்ட 5102 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். வருத்தம் பிடிபடும் நாளிலேயே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் திறனில் ஏறக்குறைய பாதி போயிருக்கிறது, அதற்குப் பிறகும் வருஷா வருஷம் குறைந்துகொண்டே போகிறது என்று அதில் தெரிந்தது. ஆகவே சில வருஷங்களில் குளிசை போதாமல் போவது இந்த வருத்தத்தின் இயல்பு. "வாயைக் கட்டியிருந்தால் ஊசி வந்திராது" என்று நோயாளியைக் குற்றவாளி ஆக்குவது பெரும்பாலும் நியாயமில்லாத பேச்சு.

இன்னும் பின்னால் போனால் ஊசிக்கே வேறொரு முகம் தெரியும். 1922 ஜனவரியில் ரொறன்ரோவில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் ஏற்றினார்கள். அதற்கு முன் அவனைப் போன்ற பிள்ளைகளுக்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. எலும்பும் தோலுமாகக் கிடந்த அவன் அதற்குப் பிறகு 13 வருஷம் உயிரோடு இருந்தான். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையைத் தலா ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். உலகம் கொண்டாடி வரவேற்ற ஒரு மருந்தை நாங்கள் செத்த வீட்டுக் குரலில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

என் அப்பா 2021இல் இன்சுலின் தொடங்கினார். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று. கிளினிக்கில் போத்தலும் சிரிஞ்சும் இலவசமாகத் தந்தார்கள். எப்படிப் போடுவது என்று நின்ற நிலையில் சில நிமிஷம் காட்டினார்கள். பின்னால் வரிசை நீண்டு கிடந்தது. அப்பா எல்லாத்துக்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விகள் தொடங்கின. அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடியபோது எனக்கு வந்த முடிவு இதுதான்: இன்சுலின் நோயாளி ஒருவர் தனியாகத் தூக்கக்கூடிய வேலை இல்லை. வீட்டில் உள்ள மற்றவர்களும், குறிப்பாக எழுத வாசிக்க, போனில் தேடிப் பார்க்கத் தெரிந்த இளையவர்களும், அந்த வேலையைப் படிக்க வேண்டும்.

அப்படி என்ன வேலை என்று கேட்டால், கலங்கலான இன்சுலின் போத்தலை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும், குலுக்கக் கூடாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோலுக்குக் கீழே கொழுப்புக் கட்டி வரும். அந்தக் கட்டிக்குள் போடும் மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. வயிறு, தொடை என்று இடம் மாற்றிப் போட வேண்டும். ஐம்பது அறுபது வயதுக்காரருக்கு, அதுவும் சீனியால் கண் மங்கத் தொடங்கியவருக்கு, சிரிஞ்சில் இருக்கும் சின்னக் கோடுகள் தெரியாது. 18 என்று நினைத்து 22 இழுத்துவிடலாம். பக்கத்தில் நின்று கோட்டைப் பார்த்துச் சொல்ல ஒரு இளம் கண் வேண்டும்.

இந்தியாவில் இருந்து சொந்தக்காரர் மருந்து கொண்டுவரும் வீடுகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. எங்கட போத்தலில் ஒரு மில்லிலீற்றருக்கு 100 அலகு. தமிழ்நாட்டில் 40 அலகுப் போத்தல் இன்னும் பரவலாகப் புழங்குகிறது, அதற்குச் சிரிஞ்சும் வேறு. 100 அலகுப் போத்தலில் இருந்து 40 அலகுச் சிரிஞ்சில் இழுத்தால் உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு. போத்தலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பதற்கு ஐந்து செக்கன் போதும்.

அளவு கூடினால் என்ன நடக்கும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சீனி கூடுவதைப் பற்றி ஊரே பேசும். குறைவதைப் பற்றிப் பேச ஆளில்லை. ஊசி போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால், வழக்கத்தைவிடக் கூட வேலை செய்தால், சீனி சடாரென்று இறங்கும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். சிலர் காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள், பேச்சுத் தடுமாறும். மீற்றரில் 70க்குக் கீழே காட்டினால், அல்லது மீற்றர் கையில் இல்லாமல் இந்த அறிகுறிகள் தெரிந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறிய பிறகு சாப்பாடு. நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்துவிட்டு 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். சீனி வருத்தக்காரர் வீட்டில் சீனிப் போத்தலை ஒளித்து வைப்பது எங்கட வழக்கம். ஊசி போடுபவர் வீட்டில் அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

விரத நாட்களில் இந்த ஆபத்து இரட்டிப்பு. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் இருப்பவர்களும் நோன்புக்கு முப்பது நாள் பிடிப்பவர்களும் எங்கட ஊரில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் நடப்பது ஒன்றுதான்: டொக்டரிடம் கேட்டால் வேண்டாம் என்பார் என்ற பயத்தில் கேட்காமலே இருந்துவிடுவது. பிறகு சாப்பிடாமல் ஊசி போடுவார்கள், இல்லாவிட்டால் ஊசியையே விட்டுவிடுவார்கள். இரண்டும் பிழை. விரதத்துக்குச் சில கிழமை முன்பே டொக்டரிடம் போனால், இருக்கலாமா, இருந்தால் எந்த நேரத்து அளவை எப்படி மாற்றுவது என்று அவர் சொல்லுவார். "அப்பா, நான் கூட வாறன், கேட்டுப் பாப்பம்" என்று சொல்ல வீட்டில் ஒருத்தர் வேண்டும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். பிரிஜ்ஜில் இன்சுலின் வைத்திருந்த வீடுகளுக்கு அந்த நாட்கள் வேறு மாதிரிப் பயம். மருந்துத் தட்டுப்பாட்டுக் காலத்தில் பழுதாகிவிட்டதோ என்று ஒரு போத்தலை எறிவது பெரிய இழப்பு. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. கென்யாவின் அகதி முகாம் ஒன்றில் உள்ளதுபோல் 25க்கும் 37க்கும் இடையில் ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு கிழமை வைத்த இன்சுலின், குளிரில் வைத்ததற்குச் சமமாக வேலை செய்யும் என்று அதில் கண்டார்கள். அதனால் கரண்ட் போன ஓர் இரவுக்காகப் போத்தலை எறியத் தேவையில்லை. வெயில் படாமல், ஈர மணல் நிரப்பிய மண்சட்டிக்கு நடுவில் சின்னச் சட்டி ஒன்றை வைத்து அதற்குள் மூடி வைத்தால் சூடு குறையும். கச்சான் காற்று வீசும் காய்ந்த மாதங்களில் இது நன்றாக வேலை செய்யும், மாரியில் அவ்வளவு செய்யாது. பிரிஜ் இருந்தால் பிரிஜ்தான் நல்லது. ஆனால் ஐஸ் பெட்டிக்குள் மட்டும் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான்.

இவ்வளவு வேலையையும் இப்போது யார் செய்கிறார்கள்? பெரும்பாலும் அம்மா, இல்லாவிட்டால் மூத்த மகள். மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு பொலிஸ் வேலை. "அதைத் தொடாதீங்க", "நேற்றுப் பாயாசம் குடிச்சனீங்கதானே". இந்தப் பொலிஸ் வேலையால் ஒரு தீமை நடக்கிறது. ஏச்சுக்குப் பயந்து பெரியாட்கள் ஒளிக்கத் தொடங்குவார்கள். சாப்பிட்டதை ஒளிப்பார்கள், ஊசி போட மறந்ததை ஒளிப்பார்கள், மீற்றரில் 280 காட்டினால் கொப்பியில் 180 என்று எழுதுவார்கள். மறந்துபோன ஊசிகளைப் பற்றித் தெரியாத டொக்டர், மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டுவார். பிறகொரு நாள் எல்லா ஊசியையும் ஒழுங்காகப் போட்டால் ஆள் சுருண்டு விழுவார். வீட்டில் பயமில்லாமல் உண்மையான எண்ணைச் சொல்ல முடிவது மருந்தின் அரைவாசி.

சாப்பாடும் அப்படித்தான். நாட்டின் பெரிய கோதுமை மா ஆலை எங்கட குடாக்கரையில்தான் நிற்கிறது. காலையில் பாண், பின்னேரம் ரோல்ஸ், இரவுக்குக் கொத்து என்று நாங்கள் அடித்துக்கொண்டு, ஒருத்தரை மட்டும் மூலையில் இருத்திக் குரக்கன் பிட்டுச் சாப்பிடச் சொன்னால் அது எத்தனை நாளைக்கு நடக்கும்? ஊசி போடுபவருக்குத் தேவை ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே அளவில் மாச்சத்து. சோற்றைக் கொஞ்சம் குறைத்து, மரக்கறியையும் மீனையும் கூட்டிய அந்தக் கோப்பை வீட்டில் எல்லாருக்கும் நல்லதுதான். மூலையில் இருத்தாமல் சேர்ந்து மாறலாம்.

வீட்டைச் சொல்லிவிட்டு அரசாங்கத்தைச் சொல்லாமல் விட ஏலாது. இலவச மருத்துவம் எங்கட நாட்டின் பெருமை, இன்சுலின் போத்தலைக் காசில்லாமல் தருவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் சீனி பார்க்கும் ஸ்ட்ரிப்பை நாங்கள் பாமசியில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் முதலில் வெட்டு விழுவது அந்தச் செலவில். ஸ்ட்ரிப் இல்லாமல் ஊசி போடுவது இருட்டில் வள்ளம் ஓட்டுவது மாதிரி. ஊசி போடுபவர்களுக்கு மட்டுமாவது கிளினிக்கில் மாதம் ஒரு தொகை ஸ்ட்ரிப் தர வேண்டும். ஊசி தொடங்கும் நாளில், வீட்டிலிருந்து ஒருத்தரையும் கூப்பிட்டு, அவர்களுடைய மொழியில், இருந்து பேச ஒரு மணித்தியாலம் ஒதுக்க வேண்டும்.

இன்னொன்று, எங்களை எண்ண வேண்டும். 2005–2006இல் நடந்த இலங்கை நீரிழிவு ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10 பேரில் ஒருவருக்கு நீரிழிவு என்றது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்குத் தங்களுக்கு வருத்தம் இருப்பதே தெரியாது. அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில்தான் நடந்தது. யுத்தத்தால் வடக்கும் கிழக்கும் விடுபட்டன. எத்தனையோ கணக்கில் விடுபட்டது போல இதிலும் நாங்கள் விடுபட்டோம்.

அரசாங்கம் மாறும்வரை காத்திருக்காமல் இளையவர்கள் நாங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த கிளினிக் நாளுக்கு உங்கட அப்பாவோடு, அம்மம்மாவோடு நீங்களும் போங்கள். நாலு கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை அலகு, சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்? சீனி குறைந்தால் அடுத்த ஊசியை என்ன செய்வது? காய்ச்சல் வந்து சாப்பிட முடியாத நாளில் என்ன செய்வது? எந்த எண்ணைக் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்? பதிலைத் தமிழில் எழுதி பிரிஜ் கதவில் ஒட்டுங்கள். பிறகு கிழமையில் இரண்டு நாளாவது ஊசி போடும் நேரத்தில் பக்கத்தில் இருங்கள். யாராவது "ஊசிக்கு வந்திட்டாராம்" என்று குரலைத் தாழ்த்தினால், "ஓம், இப்ப நல்லா இருக்கிறார்" என்று சத்தமாகவே சொல்லுங்கள்.