பின்கண்ணாடிக்கு ஒரே நிறம் போதும்

பழவேற்காடு ஏரியில், ஆரம்பாக்கம் வட்டாரத்து மீனவர்கள் வலை வீசும் நீர் பெரும்பாலும் கலங்கல்தான். கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடும் மீன் அந்தக் கலங்கலையும் சேற்றுத்தரையையும் மறைவாகக் கொண்டு அங்கே வாழ்கிறது. நாலாபுறமும் வெளிச்சம் பாயும் கண்ணாடிப் பெட்டியில் மீனுக்கு அந்த மறைவு இல்லை. கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் தொட்டி வாங்குவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பின்கண்ணாடியை மறைத்தால் மீனின் மிரட்சி குறையும். சுவரும் வயரும் கண்ணை உறுத்தாது. அதற்காகப் பவளப்பாறைப் படம் ஒட்டாதீர்கள். நன்னீர் மீனுக்குப் பின்னால் கடலைக் காட்டுவது பொய்க்காட்சி. கறுப்போ கருநீலமோ, ஒரே நிறம் போதும். பல மீன்கள் சூழலுக்கேற்ப நிறம் மாற்றுபவை: தோல் செல்களில் நிறமி பரவும்போது நிறம் அடர்கிறது, ஒடுங்கும்போது வெளிறுகிறது. வெள்ளைப் பின்னணியில் வெளுத்துத் தெரியும் மீன் இருண்ட பின்னணியில் தன் உண்மையான அழகைக் காட்டும். செலவும் பெரிதல்ல. கறுப்பு சார்ட் தாளை வெட்டி, கண்ணாடியின் வெளிப்புறத்தில் நாலு பக்கமும் டேப் ஒட்டினால் வேலை முடிந்தது. தொட்டிக்கு உள்ளே மட்டும் பெயிண்டோ பசையோ பூசாதீர்கள். அந்த நீரைத்தான் மீன் சுவாசிக்கிறது.