பத்தாம் வகுப்புத் தோழர்களும் ஒன்பது மா நிலமும்

உளுந்தும் பயறும் வீடு வந்து சேர்ந்து, பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையும் விட்டுவிட்ட மே மாதத்தில், காவிரி டெல்டா ஊர்களில் ‘முன்னாள் மாணவர் சந்திப்பு’ என்று பேனர் கட்டிய பள்ளிகளைப் பார்க்கலாம். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பு முடித்துப் பிரிந்தவர்கள் கூடுகிறார்கள். சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வருகிறார்கள். சிங்கப்பூரிலிருந்துகூட விடுப்பெடுத்து வருபவர்கள் உண்டு. ஆனால் பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி வயலில் நிற்கும் தோழர் பல இடங்களில் வருவதில்லை. “வேலை இருக்கு” என்பார். உண்மையான காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும்.

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 1986-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சென்ற மே மாதம் கூடினார்கள். எல்லோருக்கும் இப்போது ஐம்பத்தைந்தை ஒட்டிய வயது. வாட்ஸ்அப் குழு தொடங்கி ஆறு ஆண்டு ஆகிவிட்டது. அதில் ஆண்களின் எண்கள் சீக்கிரம் சேர்ந்துவிட்டன. கல்யாணம் ஆகி வெளியூர் போன பெண்களைத் தேடிப் பிடிக்கத்தான் நாளாயிற்று. தாய்வீட்டுத் தெருவில் விசாரித்து, அண்ணன் தம்பிகளிடம் எண் வாங்கி, ஒவ்வொருவராகச் சேர்த்தார்கள்.

பேச்சு தொடங்கியதும் முதலில் வந்தது சத்துணவுதான். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு பிள்ளைகளுக்கென்று தொடங்கிய திட்டம், 1984-இல் பதினைந்து வயது வரையிலான பள்ளிப் பிள்ளைகளுக்கும் வந்தது. அதுவரை மதியத்தில் தண்ணீரைக் குடித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் யார் யார் என்பது நாற்பது ஆண்டு கழித்துத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. “வீட்டுக்குப் போய் சாப்பிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போவேன். வாய்க்கால் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துருவேன்” என்று ஒருவர் சொன்னபோது கூட்டம் சிறிது நேரம் பேசவில்லை.

பிறகு ஆற்றுத் தண்ணீர். ஜூனில் பள்ளி திறக்கும் நேரமும் மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-ஆம் தேதியும் அடுத்தடுத்து வரும். தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் நாளில் பாதி வகுப்பு வாய்க்கால் கரையில்தான் நிற்கும். நடவிலும் அறுவடையிலும் வருகைப் பதிவேட்டில் விழுந்த ‘ஆப்சென்ட்’ எல்லாம் யார் வீட்டில் எத்தனை கை தேவைப்பட்டது என்பதன் கணக்கு. அப்பாக்கள் காலத்தில் ஆடுதுறை 27 நெல்லைத் திருச்சி வானொலி கேட்டு நட்டதால் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் விழுந்தது. இவர்கள் படித்த காலத்தில் சம்பாவுக்குப் பொன்மணி என்கிற சி.ஆர். 1009 பரவியது. 1977 நவம்பர் புயலில் கூரை பறந்த வீடுகளைப் பற்றியும் பேசினார்கள். அப்போது எல்லோருக்கும் ஆறு, ஏழு வயது.

இந்தப் பேச்சு நடந்த நேரத்தில் ஒருவர் மட்டும் கடைசி பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஊரிலேயே தங்கி விவசாயம் பார்ப்பவர். சொந்தமாக ஏழு மா. சென்னையில் இருக்கும் வகுப்புத் தோழரின் ஒன்பது மாவையும், அதாவது மூன்று ஏக்கரையும், பல ஆண்டுகளாகக் குத்தகைக்குச் செய்கிறார். மாவுக்கு இரண்டு மூட்டை நெல், அல்லது அதற்கான பணம் என்று பேச்சு. தாளில் ஒரு வரி கிடையாது. “நமக்குள்ள எதுக்குடா எழுத்து?” என்று சென்னைத் தோழர் சொன்னதுதான் ஒப்பந்தம்.

2021 ஜனவரியில், பொங்கலை ஒட்டிப் பெய்த கனமழையில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து, கதிரிலேயே முளைத்துப் போனது. இவருடைய ஒன்பது மாவும் போயிற்று. காப்பீட்டுப் பிரீமியம் கட்டியவர் இவர். ஆனால் அடங்கல் நிலத்துக்காரர் பெயரில் இருந்ததால், காப்பீட்டையும் அவர் பெயரில், அவருடைய வங்கிக் கணக்கைக் கொடுத்தே பதிந்திருந்தார்கள். அரசு நிவாரணமும் அதே அடங்கலைப் பார்த்து அதே கணக்குக்குப் போனது. உழுதவர் கைக்கு ஒன்றும் வரவில்லை.

அவர் கேட்கவும் இல்லை. கேட்டால் நட்பு போய்விடும், நிலமும் போய்விடும் என்ற பயம். சென்னைத் தோழரின் போனை எடுப்பதைக் குறைத்தார். வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிவிட்டார். சந்திப்புக்கும் வரமாட்டேன் என்றவரைக் கையோடு அழைத்து வந்தவர், பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டு அங்கே விவசாயம் பார்க்கும் வகுப்புத் தோழி.

சாப்பாட்டுக்குப் பிறகு சென்னைத் தோழர் அருகில் வந்து உட்கார்ந்தார். “ஏண்டா, போனே எடுக்க மாட்டேங்குற?” இவர் சிரித்து மழுப்பினார். தோழிதான் பேசினார். “அவன் கேக்க மாட்டான். நான் கேக்குறேன். மழையில நெல்லு போன வருஷம் இன்சூரன்ஸ் பணம் யாரு கணக்குல விழுந்துச்சு?”

சென்னைத் தோழர் முகம் மாறியது. செல்போனில் பழைய வங்கிக் கணக்கைத் தேடி எடுத்தார். இரண்டு வரவுகள் இருந்தன. “இத நீ போட்ட குத்தகைப் பணம்னுல்ல நெனச்சேன்! ரெண்டு தவணையா போட்டுருக்கான், ஒரு வார்த்தை சொல்லலையேன்னு எனக்கும் வருத்தம்” என்றார். ஒருவர் ஏமாற்றிவிட்டதாக நினைத்து ஒதுங்கியிருக்கிறார். மற்றவர் மதிக்கவில்லை என்று நினைத்துக் கோபித்திருக்கிறார். இருவருக்கும் நடுவில் இருந்தது ஓர் அடங்கல் பதிவு மட்டுமே. அன்று மாலையே பணம் உரியவர் கணக்குக்கு வந்துவிட்டது.

எழுத்து விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. “எழுதிக் கொடுத்தா நிலம் திரும்பி வராதுன்னு வீட்ல பயப்படுறாங்க” என்று சென்னைத் தோழர் வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், நினைத்த நேரத்தில் குத்தகைதாரரை வெளியேற்ற முடியாதபடி காக்கிறது. 1969-ஆம் ஆண்டின் சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயர் ஏறினால் பாதுகாப்பு இன்னும் வலுவாகும். நிலத்துக்காரர் தயங்குவதற்கும், உழுபவர் பதிவு கேட்பதற்கும் ஒரே சட்டம்தான் காரணம். தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற இன்னொரு வகுப்புத் தோழர் இதை இருவருக்கும் பக்கத்தில் வைத்துக்கொண்டே விளக்கினார்.

நிலம் கூட்டுப் பட்டாவில் இருப்பதால் அண்ணனின் சம்மதமும் வேண்டும். அது இன்னும் வரவில்லை. ஆனால் ஒன்று முடிவாகிவிட்டது: இனி சாகுபடி செய்பவர் பெயரிலேயே அடங்கல் பதிவு, அவர் கணக்கிலேயே காப்பீடு. மழையோ வறட்சியோ வந்து நிவாரணம் கிடைத்தால் அதுவும் உழுதவருக்கே. இதை ஒரு தாளில் எழுதி, வகுப்புத் தோழர்கள் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ஊரில் தங்கியவர் வாட்ஸ்அப் குழுவுக்குத் திரும்பிவிட்டார். வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த படத்தை ஜூனில் முதலில் போட்டவர் அவர்தான்.

பழைய நினைவுகளைப் பேசத்தான் இத்தகைய சந்திப்புகள். ஆனால் நிலம் ஒரு தோழரிடமும் உழைப்பு இன்னொரு தோழரிடமும் இருக்கும் ஊர்களில், நேருக்கு நேர் உட்கார்ந்து பேச ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் இடமும் அதுதான். சந்திப்புக்கு நாள் குறிப்பவர்கள் வெளியூர்க்காரர்களின் விடுப்பை மட்டும் பார்க்காமல் நடவு, அறுவடை நாட்களையும் பார்த்துக் குறிக்க வேண்டும். மண்டபச் செலவைத் தலைக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று வைத்தால் வராமல் போவது யார் என்பதும் அவர்களுக்குத் தெரியாததல்ல. பள்ளி வராந்தாவும் சாம்பார் சாதமும் போதும்.

வாசகர் கேள்வி

பள்ளித் தோழரின் நிலத்தை வாய்ப்பேச்சுக் குத்தகையில் சாகுபடி செய்கிறேன். சம்பாவுக்கு என் பெயரில் பயிர்க் காப்பீடு செய்ய முடியுமா? பி.எம்.கிசான் பணமும் எனக்குக் கிடைக்குமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: பயிர்க் காப்பீட்டில் குத்தகை விவசாயிகளும் சேரலாம். நிலத்தில் உண்மையில் சாகுபடி செய்பவர் யார் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல்தான் முக்கியம். பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. நிலத்துக்காரரிடம் முன்கூட்டியே பேசி, விதைப்பு முடிந்ததும் அடங்கலை உங்கள் பெயரில் வாங்குங்கள். அதோடு ஆதார், உங்கள் சொந்த வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ பொதுச் சேவை மையத்திலோ பதியலாம். சம்பா நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டிய பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் நடுவில் வரும். அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு, கடைசி நாள் கூட்டத்துக்கு முன்பே பதிந்துவிடுங்கள். ரசீதில் பெயர், சர்வே எண், கணக்கு எண் மூன்றையும் அங்கேயே சரிபார்க்க வேண்டும்.

ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம்.கிசான் திட்டம் நிலம் தங்கள் பெயரில் உள்ள குடும்பங்களுக்கு மட்டுமே. குத்தகை நிலத்துக்கு அது கிடைக்காது. நிலத்துக்காரர் வருமான வரி கட்டுபவராக இருந்தால் அவருக்கும் தகுதி இல்லை. ஆகவே அந்தப் பணத்தை வைத்துத் தோழரிடம் மனத்தாங்கல் கொள்ள வேண்டாம். காப்பீடு, நிவாரணம் இரண்டையும் பற்றி மட்டும் விதை விடுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.