வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? சட்டம், சான்றிதழ், ஓராண்டுத் திட்டம்: ஒரு விளக்கம்

ஒவ்வொரு ஆண்டும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது சில வீடுகளில் இந்தப் பேச்சு எழுகிறது: "இந்த வருஷம் ஸ்கூலுக்கு அனுப்பாம நாமளே சொல்லிக் கொடுத்தா என்ன?" கட்டணம் ஒரு காரணம். சக மாணவர்களின் கேலி, டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு, முழுநேர விளையாட்டுப் பயிற்சி என்று வேறு காரணங்களும் உண்டு.

"கொரோனா சமயத்துல வீட்லதானே படிச்சாங்க?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. ஆனால் அப்போதும் பாடத்திட்டத்தை முடிவு செய்தது பள்ளிதான், பெயரும் பள்ளியின் பதிவேட்டில்தான் இருந்தது. வீட்டுக்கல்வியில் அந்த இரண்டு பொறுப்பும் பெற்றோர் தலையில் விழுகிறது.

சட்டம் என்னதான் சொல்லுது?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10-வது பிரிவு. ஆனால் அந்தக் கடமையைச் செய்யாத பெற்றோருக்கு என்ன தண்டனை என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கல்வி என்ற சொல்லும் அதில் இல்லை. அனுமதியும் இல்லை, வெளிப்படையான தடையும் இல்லை.

ஆனால் நாலு குடும்பம் சேர்ந்து, ஆள் வைத்து, அங்கீகாரம் வாங்காமல் பள்ளி மாதிரி நடத்தினால் கதை வேறு. அங்கீகாரம் இல்லாத பள்ளிக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று அதே சட்டம் சொல்கிறது.

உலகம் முழுக்க ஒரே நிலைமை இல்லை. அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டபூர்வமானது. ஜெர்மனியில் பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். இந்தியா இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

பள்ளியை விட்டால் எதெல்லாம் கைவிட்டுப் போகும்?

பலர் இதை யோசிப்பதே இல்லை. மருத்துவப் படிப்பில் தமிழ்நாடு அரசு 2020-ல் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பு முதலான பள்ளிப் படிப்பே அடிப்படை. ஏழாம் வகுப்பில் பிள்ளையை நிறுத்தும் குடும்பம், அதன் விலையை ஐந்தாறு ஆண்டு கழித்துத்தான் உணரும்.

இன்னொரு செலவும் உண்டு. வீட்டில் யார் சொல்லிக் கொடுப்பது? பெரும்பாலும் அம்மாதான். அவர் வேலையை விட்டால் போகும் சம்பளத்தையும் பள்ளிக் கட்டணத்தோடு சேர்த்து வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

சான்றிதழுக்கு என்ன வழி?

பெரும்பாலான குடும்பங்கள் போவது தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்துக்கு, சுருக்கமாக என்.ஐ.ஓ.எஸ். மத்திய அரசின் கீழ் 1989-ல் தொடங்கிய அமைப்பு இது. மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான ஏ, பி, சி என்ற நிலைகள் இதில் உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்ய 14 வயது ஆகியிருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு நடக்கிறது. ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்புகள். பாடங்களை ஒவ்வொன்றாகவும் எழுதி முடிக்கலாம்.

மாநில வழியும் இருக்கிறது. பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அதன் பிறகு பத்தாம் வகுப்பையும் அப்படியே எழுதலாம்.

திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுதக் கூடாது என்றிருந்த விதியை டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் ரத்து செய்தது. ஆனாலும் குறிப்பிட்ட கல்லூரியையோ தமிழக அரசு வேலையையோ மனதில் வைத்திருப்பவர்கள், அந்தச் சான்றிதழ் அங்கே செல்லுமா என்று முன்கூட்டியே எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. "எல்லாம் செல்லும்ங்க" என்று யாரோ வாயால் சொன்னது போதாது.

ஓராண்டை எப்படிப் பிரிப்பது?

இதற்கும் சட்டத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம். ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1,000 மணி நேரம். அதாவது தொடக்கப் பள்ளியில் நாளுக்கு நான்கு மணி நேரம்.

அதுவும் முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கான கணக்கு. வருகைப் பதிவு, கரும்பலகையைப் பார்த்து எழுதுவது, மற்றவர்கள் முடிக்கும்வரை காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். வீட்டில் ஒரே பிள்ளை. தொடக்க வகுப்பு என்றால் உட்கார்ந்து படிக்க இரண்டு மணி நேரம் என்று ஆரம்பிக்கலாம். வாசிப்பு, தோட்டம், சமையல், விளையாட்டுக்கு மீதி நேரம் இருக்கிறது. காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை நாற்காலியில் உட்கார வைக்கும் வீடுகள், சில வாரங்களிலேயே இரண்டு பக்கமும் களைத்துப்போகும்.

200 நாள் என்றால், வாரம் ஐந்து நாள் வீதம் 40 வாரம். ஆண்டுக்கு 52 வாரம். தீபாவளி, பொங்கல், ஊர்த் திருவிழா, கோடை விடுமுறைக்கு 12 வாரம் மிச்சம் இருக்கிறது. அந்த 40 வாரத்தையும் பாடத்தால் நிரப்பிவிடக் கூடாது. சமச்சீர் நூல்கள் ஏழாம் வகுப்பு வரை மூன்று பருவமாகவே வருகின்றன. இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. பருவத்துக்கு இரண்டு வாரத்தைக் காலியாக விடுங்கள். காய்ச்சல், சொந்தக்காரர் கல்யாணம், புரியாத பின்னம் எல்லாவற்றுக்கும் அந்த இடைவெளி தேவைப்படும். மீதமுள்ள 34 வாரத்தில் பாடங்களை எண்ணிப் பிரித்தால், எங்கே பின்தங்குகிறோம் என்பது தானாகத் தெரியும்.

திருப்புதலைக் கடைசிக்குத் தள்ள வேண்டாம். படித்தது முதல் சில நாட்களிலேயே வேகமாக மறக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ் தன்னையே சோதித்து 1885-ல் எழுதினார். மறுநாள் ஐந்து நிமிடம், ஒரு வாரம் கழித்து ஐந்து நிமிடம், ஒரு மாதம் கழித்து ஐந்து நிமிடம் கேள்வி கேட்டாலே பெரும்பகுதி நிற்கும்.

"போர் அடிக்குதும்மா" என்றால்?

"முடிச்சா சாக்லேட், முடிச்சா மொபைல்" என்பதுதான் பல வீடுகளில் முதல் உத்தி. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1973-ல் அமெரிக்காவில் மார்க் லெப்பரும் சக ஆய்வாளர்களும், ஓவியம் வரைவதை விரும்பிய சின்னப் பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்குப் பரிசு தருவதாகச் சொல்லி வரைய வைத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்தவர்களின் ஆர்வம்தான் குறைந்திருந்தது. ஏற்கெனவே பிடித்த வேலைக்குக் கூலி பேசினால், அது கூலி வேலையாகிவிடுகிறது.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் என்ற உளவியலாளர்கள் மனிதருக்கு உள்ளிருந்து ஊக்கம் வர மூன்று தேவை என்கிறார்கள்: நானே தேர்ந்தெடுத்தேன் என்ற எண்ணம், என்னால் முடிகிறது என்ற உணர்வு, கூட ஆள் இருக்கிறார்கள் என்ற நெருக்கம்.

முதலாவதற்கு, "கணக்கு முதல்லயா, தமிழ் முதல்லயா?" என்று பிள்ளையையே கேட்கலாம். கணக்கு வேண்டுமா வேண்டாமா என்று கேட்க வேண்டியதில்லை. இரண்டாவதற்கு, போன மாதம் எழுதிய நோட்டைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே போதும். மூன்றாவதுதான் வீட்டுக்கல்வியின் பலவீனம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேனில் ஏறிப் போன பிறகு தெரு காலி. நூலகம், விளையாட்டுப் பயிற்சி, இசை வகுப்பு என்று வாரத்தில் சில நாளாவது மற்ற பிள்ளைகளோடு இருக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால், எந்தத் திட்டமும் நிற்காது.

சரிப்பட்டு வரலைன்னா?

திரும்பி வர வழி இருக்கிறது. 14 வயது வரை வயதுக்கு ஏற்ற வகுப்பில் நேரடியாகச் சேரும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு தருகிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவும் முடியாது.

14 வயதைத் தாண்டினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே ஒரு பருவத்துக்கு ஒருமுறை பெற்றோர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை: பிள்ளை நேற்றைவிட நன்றாக வாசிக்கிறதா? நண்பர்கள் இருக்கிறார்களா? சொல்லிக் கொடுப்பவர் களைத்துவிட்டாரா? பதில் திருப்தியாக இல்லாவிட்டால், எட்டாம் வகுப்பு வயதுக்குள் பள்ளிக்குத் திரும்புவது தோல்வி அல்ல. பதினைந்து வயதில், பள்ளிப் பதிவும் இல்லாமல் தேர்வுப் பதிவும் இல்லாமல் பிள்ளை நிற்பதுதான் தோல்வி.