தாண்டி வந்தவர்கள்

'லிங்கின் பார்க்கையெல்லாம் நான் எப்போதோ தாண்டி வந்துவிட்டேன்' என்று சொல்கிறவர்களின் எண்ணிக்கை நம் வட்டத்தில் கூடிக்கொண்டு வருகிறது. கவிதை எழுதுகிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள், சினிமா பற்றி எழுதுகிறவர்கள் என்று முப்பதைக் கடந்த அநேகமாக எல்லோருமே இந்த வாக்கியத்தை ஒரு முறையாவது சொல்லியிருப்பார்கள். சொல்லும்போது உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு. நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். தாண்டி வந்தீர்கள், சரி. எதைத் தாண்டினீர்கள்? அந்த இசையில் எது உங்களுக்குப் போதாமல் போயிற்று? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைத்ததில்லை. பதிலுக்குப் பதிலாக இன்னொரு பெயர்தான் கிடைக்கிறது. 'இப்போது ரேடியோஹெட்தான் கேட்கிறேன்.' இன்னும் கொஞ்சம் மேலே போய்விட்டவர் என்றால், 'இப்போதெல்லாம் கோல்ட்ரேன் மட்டும்தான்.'

ஒரு பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு பெயரை வைப்பது விமர்சனமாகாது. அது வெறும் விலாச மாற்றம்.

இந்தக் குழுவை அறியாத மூத்த நண்பர்களுக்காகச் சில தகவல்கள். 1996-ல் கலிஃபோர்னியாவில் பள்ளித் தோழர்கள் சிலர் சேர்ந்து தொடங்கியது. 1999-ல் அரிஸோனாவிலிருந்து செஸ்டர் பென்னிங்டன் பாடகராக வந்து சேர்ந்தார். 2000 அக்டோபரில் 'ஹைப்ரிட் தியரி' என்ற முதல் ஆல்பம். 12 பாட்டுகள், 40 நிமிடத்துக்கும் குறைவு. 2003-ல் 'மீட்டியோரா'. முதல் ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றதாகச் சான்று பெற்றது. அந்த ஆண்டுகளில் நம் கல்லூரி விடுதிகளில், அறைக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று வந்தபோது, எம்பி3 கோப்புகளாகக் கைமாறிக் கைமாறி வந்த முதல் ஆங்கிலப் பாட்டுகள் பலருக்கு இவைதான். இங்கிலீஷ் பாட்டு என்றால் என்னவென்று ஒரு தலைமுறை இதை வைத்துத்தான் தெரிந்துகொண்டது. அந்தத் தலைமுறைதான் இன்று சிறுபத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருக்கிறது.

இவர்கள் ஏறிய ஏணி எல்லோருக்கும் பொதுவான ஒன்று. முதற்படி லிங்கின் பார்க். அடுத்தது மெட்டாலிகா. பிறகு பிங்க் ஃப்ளாய்ட். பிறகு ரேடியோஹெட். கடைசியில் ஜாஸ், அல்லது திடீரென்று கண்டடைந்த நாகஸ்வரம். ஆளுக்கு ஆள் அனுபவம் வேறு, காது வேறு, வளர்ந்த வீடு வேறு என்றிருக்கும்போது படிகள் மட்டும் எப்படி இத்தனை ஒழுங்காக ஒன்றேபோல் அமைந்தன? தன் காதால் கேட்டு ஒருவன் வளர்ந்திருந்தால் அவன் வழியில் ஓரிரண்டு கோணல்களாவது இருக்கும். கோணலே இல்லாத பாதை யாரோ போட்டுவைத்த பாதை.

ஏணி எவ்வளவு பலவீனமானது என்பதற்கு ஒரு விஷயம். ரேடியோஹெட்டின் 'கிட் ஏ' வெளிவந்ததும் அதே 2000 அக்டோபரில்தான். இரண்டு ஆல்பங்களுக்கும் நடுவே ஒரு மாதம்கூட இல்லை. ஒன்றைப் பையன்களின் இசை என்றும் மற்றதை வளர்ந்தவர்களின் இசை என்றும் நம்மவர்கள் பிரித்துவைத்திருக்கிறார்கள். ஆனால் 'கிட் ஏ' வந்த உடனே நியூயார்க்கர் பத்திரிகையில் நிக் ஹார்ன்பி என்ற ஆங்கில நாவலாசிரியர் அதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். சம்பளத்துக்கு வேலை பார்க்கத் தொடங்கியவனுக்கு இதற்கெல்லாம் பொறுமை இருக்காது, இது பதினாறு வயதுக்காரர்களுக்கானது என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். நம் ஏணியில் முதிர்ச்சியின் அடையாளமாக இருக்கும் படி இன்னொருவருக்கு விடலைத்தனத்தின் அடையாளம். ஹார்ன்பி சொன்னது தவறென்றே நான் நினைக்கிறேன். ஆனால் அவர் காரணம் சொன்னார். காரணம் சொன்னவரோடு சண்டை போடலாம். சிரித்துவிட்டுப் போகிறவரோடு என்ன செய்வது?

கொஞ்சம் படித்தவர்கள் அடார்னோவை இழுத்து வருவார்கள். கேட்டல் பின்னோக்கிப் போய்க் குழந்தைத்தனமாகிவிட்டது, வியாபார இசை அதைச் செய்துவிட்டது என்று 1938-ல் அவர் எழுதியதைச் சுட்டிக்காட்டுவார்கள். நல்லது. அதே அடார்னோ ஜாஸையும் அதே பிரம்பால்தான் அடித்தார். ஒரு கையில் அடார்னோவையும் மறு கையில் கோல்ட்ரேனையும் வைத்துக்கொண்டு லிங்கின் பார்க்கைப் பரிகசிக்கிறவர், முதலில் தன் இரண்டு கைகளுக்கும் நடுவே உள்ள சண்டையைத் தீர்த்துவிட்டு வரவேண்டும்.

நிராகரிப்பும் ஓர் உடுப்பாகிவிடுவதுண்டு. 1970களில் லண்டனில் ஜான் லைடன் என்ற இளைஞன் பிங்க் ஃப்ளாய்ட் படம் போட்ட சட்டையில் அந்தப் பெயருக்கு மேல் 'வெறுக்கிறேன்' என்று எழுதி மாட்டிக்கொண்டு திரிந்தான். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவில் அவனுக்கு இடம் கிடைத்ததற்கு அந்தச் சட்டையும் ஒரு காரணம் என்பார்கள். வயதான பிறகு, அந்தக் குழுவின்மீது தனக்கு அப்படியொன்றும் வெறுப்பில்லை என்று அவரே சொல்லிவிட்டார். சட்டை கழன்றுவிட்டது. லைடனுக்கு அந்தச் சட்டையிலிருந்து ஒரு புதிய இசையாவது பிறந்தது. நம்மவர்களின் சட்டையிலிருந்து என்ன பிறந்திருக்கிறது?

சரி, காரணம் சொல்லிப் பார்ப்போம். லிங்கின் பார்க்கின் முதல் இரண்டு ஆல்பங்களில் குறைகள் இருக்கின்றன. உருவம் ஒரே அச்சு. மெல்லிய பியானோவோ எலெக்ட்ரானிக் ஒலியோ முதலில் வரும். மைக் ஷினோடா தாழ்ந்த குரலில் ராப் சொல்லுவார். பல்லவியில் கிதார்கள் மொத்தமாக வந்து விழ, பென்னிங்டன் குரலெடுத்துக் கத்துவார். திரும்பவும் அதே. மூன்று, மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். நாலு பாட்டுக் கேட்டவனுக்கு ஐந்தாவது பாட்டு எந்த இடத்தில் வெடிக்கும் என்று தெரிந்துவிடும். வார்த்தைகளின் பிரச்னை இதைவிடப் பெரிது. ஓர் ஊர்ப் பெயரை, ஒரு தெருவை, ஒரு மேஜையை அந்த இரண்டு ஆல்பங்களில் தேடிப் பாருங்கள், அநேகமாகக் கிடைக்காது. 'நான்', 'நீ', உள்ளே ஏதோ ஒரு வலி, அவ்வளவுதான். பொருள்களே இல்லாத உலகம். அதனால்தான் திருச்சியில் விடுதியில் இருந்தவனும் அதற்குள் தன்னைச் சுலபமாக வைத்துக்கொள்ள முடிந்தது. காலி வீட்டுக்குள் எவர் வேண்டுமானாலும் குடியேறலாம். கவிதையில் படிமத்தின் ஸ்தூலத்தன்மை பற்றி இத்தனை வருஷம் பேசியிருக்கிற நாம் இந்தக் குறையை முதலில் சொல்லியிருக்க வேண்டும். தாண்டி வந்தவர் ஒருவர்கூட இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுபக்கமும் உண்டு. இரண்டு குரல்கள் என்ற அமைப்பு வெறும் உத்தி இல்லை. ஒரு குரல் நடந்ததை வரிசைப்படுத்திச் சொல்லப் பார்க்கிறது, நியாயம் பேசுகிறது, கணக்குக் காட்டுகிறது. பேச்சு எட்டாத இடத்தில் மற்றக் குரல் புறப்படுகிறது. ஒரே மனத்தின் இரண்டு தளங்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாமல் ஒரே பாட்டுக்குள் இருக்கின்றன. மேலும், பென்னிங்டனின் கத்தலில் ஸ்ருதி இருக்கிறது. தொண்டை கிழிகிறபோதும் ஸ்வரம் விலகாது; மெட்டு உடையாது. 2007-ல் வந்த ஒரு பாட்டில் அவர் 17 விநாடி மூச்சுவிடாமல் கத்துவதை ரசிகர்கள் பெரிதாகச் சொல்லுவார்கள். அது சர்க்கஸ். அவருடைய கலை வேறிடத்தில் இருக்கிறது: கட்டுக்குள் இருக்கும் குரலுக்கும் கட்டறுந்த குரலுக்கும் நடுவே உள்ள கோட்டின் மேலேயே அவர் ஒரு சாதாரணப் பல்லவியை நடத்திக்கொண்டு போவதில். அதே காலத்தில் அதே கடையில் விற்ற இதே மாதிரிக் குழுக்கள் எத்தனையோ. லிம்ப் பிஸ்கிட்டை இன்று கேட்டால் ஒரு காலத்தின் சத்தம்தான் மிச்சம். இதில் அந்தக் குரல் மிச்சமிருக்கிறது. சந்தை எல்லாவற்றையும்தான் காதில் கொண்டுவந்து போட்டது. ஏன் இது தங்கியது, அது தங்கவில்லை? விமர்சனம் தொடங்கவேண்டிய இடம் இது.

2017 ஜூலை 20 அன்று பென்னிங்டன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 41. மறுநாளிலிருந்து நாம் பார்த்த காட்சி வேடிக்கையானது என்று சொல்ல மனம் வரவில்லை. தாண்டி வந்தவர்கள் எல்லோரும் ஒரே இரவில் திரும்பி வந்தார்கள். அந்த வார்த்தைகள் எல்லாம் உண்மை என்று இப்போதுதான் தெரிந்தது என்றார்கள். சிறுவயதில் தான் பட்ட கொடுமைகளைப் பற்றி அவரே பொதுவில் பேசியவர்தான். புதிதாகத் தெரிய என்ன இருந்தது? ஒருவனுடைய சாவு அவன் பாட்டின் ஒரு வரியைக்கூட நல்ல வரியாக்கிவிடாது, நல்ல வரியைக் கெடுத்துவிடவும் செய்யாது. காரணமில்லாமல் விட்டுப்போனவர்கள் காரணமில்லாமல் திரும்பி வந்தார்கள். இரண்டு முறையும் இசை கேட்கப்படவில்லை.

இதற்கு நேரெதிராக நிற்கிறவர்கள் விசுவாசிகள். அவர்களையும் விட்டுவிட முடியாது. 2010-ல் இந்தக் குழு 'எ தௌசண்ட் சன்ஸ்' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தது. கீதையின் விசுவரூப தரிசனத்தில் வரும் ஆயிரம் சூரியர்கள், ஓப்பன்ஹைமர் வழியாகத் தலைப்பானது. ஓப்பன்ஹைமரின் குரலும் மார்ட்டின் லூதர் கிங்கின் குரலும் அதற்குள்ளேயே ஒலிக்கின்றன. கிதார் பின்னால் போய்விட்டது. தனித்தனிப் பாட்டுகளாகப் பிரிக்காமல் ஒரே நீட்சியாகக் கேட்கும்படி அமைத்திருந்தார்கள். முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். ஆனால் தன் அச்சைத் தானே உடைக்கத் துணிந்த காரியம். ரசிகர்களில் ஒரு பெரும்பகுதி அதைத் துரோகமாகப் பார்த்தது. 2017 மே மாதம் வந்த 'ஒன் மோர் லைட்'டுக்கு ஏச்சு இன்னும் அதிகம். இன்னும் ஏன் அந்த முதல் ஆல்பத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பென்னிங்டன் பேட்டியில் சீறினார். 2024-ல் எமிலி ஆம்ஸ்ட்ராங் என்ற பெண் பாடகியோடு குழு 'ஃப்ரம் ஸீரோ' ஆல்பத்தைக் கொண்டுவந்தபோதும் பழைய குரலின் காவல்காரர்கள் கொதித்தார்கள். 

ஆக, ஒரு கூட்டம் தான் வளர்ந்துவிட்டதாகச் சொல்லி இசையை விட்டது. மற்றொரு கூட்டம் தான் வளராமலிருக்க இசையை வளரவிடாமல் பிடித்துவைத்தது. இரண்டு கூட்டத்துக்கும் இசை என்பது தங்கள் பதினேழாவது வயதின் புகைப்படம். ஒருவர் அதைக் கிழித்துப்போடுகிறார், மற்றவர் சட்டம் போட்டு மாட்டுகிறார்.

இதைப் போய் ஏன் ஓர் இலக்கியப் பத்திரிகையில் எழுதவேண்டும் என்று கேட்கப்படலாம். நம் இலக்கியத்தில் இதே வியாதி இருக்கிறது, அதனால்தான். கல்கியைத் தாண்டினேன், சுஜாதாவைத் தாண்டினேன், இப்போது அசோகமித்திரன், இனி போர்ஹெஸ் என்று படிகளை எண்ணிச் சொல்கிறவர்களில் எத்தனை பேர், சுஜாதாவின் வாக்கியத்தில் தன்னை முதலில் பிடித்தது எது, பிறகு எந்த இடத்தில் அது அலுத்தது என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்கள்? பெயர்களின் வரிசை தெரிந்தால் போதும் என்று புதிதாக எழுத வருகிறவனும் கற்றுக்கொள்கிறான். மூன்றே மாதத்தில் மேல்படியில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். அவனிடம் ரசனை இல்லை, விலைப்பட்டியல் இருக்கிறது. நாம் அவனுக்குக் கொடுத்தது அதுதான்.

பதினேழு வயதில் நமக்குப் பிடித்தது எவருடைய சிபாரிசும் இல்லாமல் பிடித்தது. அது பெரும்பாலும் மட்டமாகவே இருந்திருக்கலாம். ஆனாலும், இது உயர்ந்தது என்று எவரும் சொல்லித்தராமல் நாம் ஒன்றுக்கு உடம்போடு ஈடுகொடுத்த நேரம் அதுதான். அதைப் பரிசோதிக்காமல் துடைத்துவிட்டால் பிறகு நம்மிடம் இருக்கும் ரசனை எல்லாம் இரவல். கோல்ட்ரேனும் இரவல்தான்.

எங்கள் வங்கிக் கிளையில் ஒருவர் கணக்கை முடிக்க வந்தால் பாஸ் புத்தகத்தையும் மிச்சமிருக்கும் செக் தாள்களையும் திருப்பி வாங்கி, அன்றைய தேதிவரை வட்டி போட்டு, நிலுவை இருந்தால் கழித்து, இருப்பைக் கையில் கொடுத்து, அதற்குப் பிறகுதான் முடிப்போம். இருப்பு என்னவென்று பார்க்காமல் கணக்கை முடிக்க எந்தக் குமாஸ்தாவுக்கும் அதிகாரமில்லை. விமர்சகனிடம் இந்தக் குமாஸ்தாவின் ஒழுங்கையாவது எதிர்பார்க்கலாம் அல்லவா?

இனி நம் கூட்டங்களில் யாராவது எதையாவது தாண்டி வந்துவிட்டதாகச் சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். அன்று அதில் என்ன கேட்டீர்கள்? இன்று கேட்டபோது என்ன இருந்தது? இடையில் மாறியது உங்களிடத்தில் எது? இசைத்தட்டு மாறவில்லை. முதல் கேள்விக்கே அவர் விழித்தால், அவர் எதையும் தாண்டவில்லை. கேட்காமலே இருந்துவிட்டு வந்திருக்கிறார்.